டான்யூப் 7 இரவு, மத்தியதரைக் கடல் 7 இரவு: மூணு மடங்கு விலை நியாயமா?

மேல்தளம்

வணக்கம். இரண்டு விலைப்பட்டியல் கையில் இருக்கு. பயணம் செப்டம்பர் மூணாம் வாரம். இரண்டு பேர், இருவருக்கும் அறுபது தாண்டியாச்சு. ஒருத்தருக்கு முழங்கால் தேய்மானம், படி இறங்கினா வலி. சைவம், மது கிடையாது. இந்திய பாஸ்போர்ட், கிளம்புறது சென்னையிலிருந்து.

முதல் பட்டியல் டான்யூப் ஆற்றுக் கப்பல்: பாசாவ் (ஜெர்மனி) – புடாபெஸ்ட் (ஹங்கேரி) – பாசாவ், 7 இரவு, ஆளுக்கு 1,900 யூரோ. இரண்டாவது பெரிய கடல் கப்பல்: பார்சிலோனாவில் ஏறி அங்கேயே இறங்கணும். நடுவில் மார்செய், ஜெனோவா, சிவிடாவெக்கியா, பலேர்மோ. ஜன்னல் இல்லாத உள்கேபின் ஆளுக்கு 640, பால்கனி 980.

மூணு மடங்கு கொடுக்க ஆற்றில் அப்படி என்ன இருக்கு? விளம்பரத்தில் வர்ற வார்த்தை வேண்டாம், கணக்காச் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை

640-ஐயும் 1,900-ஐயும் பக்கத்தில் வைச்சுப் பார்க்கிறதுதான் முதல் தப்பு. ஒண்ணு வெறும் இலை, இன்னொண்ணு பரிமாறின இலை. கடல் கப்பலில் டிக்கெட்டுக்கு அப்புறம் என்னென்ன ஏறும்னு ஆளுக்கு எழுதுறேன். தொகையெல்லாம் கணக்குக்காகப் போட்டது. உங்க பட்டியலில் இருக்கிறதை வைச்சு மாத்திக்குங்க.

பால்கனி கேபின் 980. துறைமுகக் கட்டணமும் வரியும் தனியாக் காட்டியிருந்தா 140. ஐரோப்பாவில் விற்கிற விலையில் இது சேர்ந்தே வரும், நம்ம ஊர் ஏஜெண்ட் பட்டியலில் பல சமயம் கீழே பொடி எழுத்தில் இருக்கும். சேவைக் கட்டணம் இரவுக்கு 12 வீதம் 84. வைஃபை ஒரு போனுக்கு வாங்கி இருவரும் மாத்தி மாத்தி வைச்சுக்கிட்டா ஆளுக்கு 45. தண்ணீர், காபி வகையில் 60. மது இல்லாட்டியும் இந்த வரி வேணும், ஏன்னா சில ஐரோப்பியக் கப்பல்களில் இரவு மேசைக்கு வர்ற தண்ணீர் பாட்டிலுக்கும் பில் வரும். நாலு துறைமுகத்திலும் கப்பல்காரரோட டூர் எடுத்தா தலா 80 வீதம் 320.

மொத்தம் 1,629.

ஆற்றுக் கப்பல் 1,900. ஊர் சுற்றிக் காட்டுறது, வைஃபை, சாப்பாட்டோடு பானம் எல்லாம் உள்ளடக்கம்னா டிப்ஸ் நாளுக்கு 10 வீதம் 70 மட்டும் கூடும். 1,970. மூணு மடங்குன்னு ஆரம்பிச்சது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்கிற அளவுக்கு வந்தாச்சு.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஆற்றுக் கப்பலும் "எல்லாம் உள்ளடக்கம்" இல்லை. அமெரிக்கச் சந்தைக்கு ஓடுறதில் டூர் சேர்ந்திருக்கும். ஜெர்மன், பிரெஞ்சுச் சந்தைக்கு ஓடுறதில் டூரைத் தனியா விற்பாங்க, டிக்கெட் விலையும் அதுக்கேத்த மாதிரி குறைவா இருக்கும். உங்க 1,900 எந்த ரகம்னு முதலில் கேளுங்க. தனின்னா இன்னும் 250 சேர்த்துக்குங்க.

படித்துறை

> நாலு துறைமுகத்திலும் கப்பல்காரரோட டூர் எடுத்தா தலா 80 வீதம் 320

இதில் பாதியை அடிச்சிடலாம் அண்ணே. ஜெனோவாவில் கப்பலைக் கரையில் கட்டி நிறுத்துறது பிரின்சிப்பே ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில். பலேர்மோவில் இறங்கினாலே ஊர்தான். இரண்டுக்கும் டூர் வேண்டாம். 160 போச்சுன்னா 1,469. ஆற்றுக்கும் கடலுக்கும் வித்தியாசம் 501, அதாவது நாளுக்கு எழுபது யூரோ.

அந்த எழுபது எதுக்குன்னா, கப்பல் எங்கே கட்டுறாங்க என்பதுக்குத்தான். விலைப்பட்டியலில் "ரோம்"னு போட்டிருக்கும், கப்பல் நிற்கிறது சிவிடாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கி.மீ. துறைமுகத்துக்குள் ஒரு பஸ், ஸ்டேஷனுக்கு இன்னொரு பஸ், அப்புறம் ஒரு மணி நேர ரயில். காலை ஏழுக்குக் கப்பல் வந்து மாலை ஏழுக்குக் கிளம்பினாலும் ரோமில் கையில் கிடைக்கிறது ஆறேழு மணி நேரம். "பாரிஸ்"னு போட்டா லெ ஆவ்ர், அங்கிருந்து 200 கி.மீ. "வெனிஸ்" இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் ஜுடெக்கா கால்வாய்க்குள் வரக்கூடாது. அதனால பல கப்பல்கள் ராவென்னாவிலோ டிரியெஸ்டிலோ ஆளை ஏத்துது. விமான டிக்கெட்டை வெனிஸுக்குப் போட்டுட்டு அப்புறம் பார்த்தா, ராவென்னா நூற்று நாற்பது கி.மீ. சொச்சம் தள்ளி இருக்கும்.

ஆற்றில் பாசாவ் (நகரசபைக் கரையில் கட்டினா), பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் மூணிலும் பலகையைத் தாண்டினா ஊர். வியன்னாவில் வழக்கமா ரைக்ஸ்புரூக்க பாலத்தடி. அங்கிருந்து யு1 மெட்ரோவில் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் பத்து நிமிஷத்துக்குள்ள. ஆனா நுஸ்டோர்ஃப் பக்கம் கட்டுற கப்பலும் உண்டு, அது ஊருக்கு வடக்கே தள்ளி. எந்தத் துறைன்னு எழுத்தில் வாங்குங்க.

இன்னொண்ணு, இதைப் பட்டியலில் யாரும் போட மாட்டாங்க: நெரிசல் காலத்தில் ஆற்றுக் கப்பல்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இரண்டு, மூணு வரிசையாக் கட்டுவாங்க. உங்க ஜன்னலுக்கு முக்கால் மீட்டரில் அடுத்தவர் ஜன்னல். திரையை மூடி வைச்சுக்க வேண்டியதுதான். கரைக்குப் போக அடுத்த கப்பலோட வரவேற்பு அறை வழியாவோ, இரண்டோட மேல்தளமும் உயரம் ஒத்துப்போகாட்டி மாடிப்படி ஏறி இறங்கியோ போகணும். முழங்கால் விஷயத்தில் இதைக் கணக்கில் வையுங்க.

மேல்தளம்

நன்றி, இரண்டு பேருக்கும். செப்டம்பரில் ஆற்றில் தண்ணீர் குறைஞ்சு பஸ்ஸில் ஏத்திடுவாங்கன்னு சொல்றாங்களே, அது நிஜமா? முழங்காலுக்கு எந்தத் தளத்தில் கேபின் எடுக்கணும்?

படித்துறை

நிஜம்தான், ஆனா ஆற்றுக்கு ஆறு, அதிலும் துண்டுக்குத் துண்டு வேற. பயமுறுத்துறவங்க ரைனையும் டான்யூபையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறாங்க.

ரைனில் கோப்லென்ஸுக்கும் ரூடெஸ்ஹைமுக்கும் நடுவில் இருக்கிற மலையிடுக்கில் அணை கிடையாது. அங்கே காவுப் என்ற ஊரில் இருக்கிற நீர்மட்ட அளவுகோல்தான் எல்லாருக்கும் நாடித்துடிப்பு. அந்த எண் ஆற்றோட ஆழம் இல்லை, இதைத்தான் நிறைய பேர் தப்பாப் படிக்கிறாங்க. அளவுகோல் 78 செ.மீ. காட்டும்போது கப்பல் போற தடத்தில் ஆழம் சுமார் 1.90 மீட்டர் இருக்கும். காட்டுற எண்ணோட 1.10 மீட்டர் சொச்சம் கூட்டிக்கணும். பயணிகள் கப்பலுக்கு ஒன்றரை மீட்டர் அளவு தண்ணீர் வேணும். 2018 அக்டோபரில் காவுப் 25 செ.மீ. வரை இறங்கிச்சு, 2022 ஆகஸ்டில் முப்பத்திச் சொச்சம். கூட்டிப் பாருங்க, ஏன் கப்பல் நின்னுதுன்னு தெரியும்.

டான்யூபில் தொல்லை பிடிச்ச துண்டு ஸ்ட்ராவுபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவில், கிட்டத்தட்ட 70 கி.மீ. அங்கேயும் அணை இல்லை. ஃபில்ஸ்ஹோஃபன் இருக்கிறது பாசாவுக்கு மேலே. நியூரெம்பர்க் – புடாபெஸ்ட், ஆம்ஸ்டர்டாம் – புடாபெஸ்ட் போறவங்க எல்லாம் அந்தக் கழுத்து வழியாப் போயாகணும். உங்க பயணம் பாசாவில் ஆரம்பிச்சுக் கீழே போகுது, அந்த இடமே உங்களுக்கு வராது. பாசாவிலிருந்து வியன்னா வரை யோஹன்ஸ்டைன் தொடங்கி ஃப்ராய்டெனாவ் வரை பத்து நீர்மின் அணை. அதுங்க தண்ணியைத் தாங்கிப் பிடிக்கும். மெல்க் – கிரெம்ஸ் நடுவில் வாக்காவ் பள்ளத்தாக்கும், வியன்னாவுக்குக் கீழேயும்தான் திறந்த ஓட்டம். அங்கேயும் தண்ணி குறையும், ஆனா மேலே சொன்ன இடம் அளவுக்கு இல்லை.

உங்க வழித்தடத்தில் நான் பயப்படுறது வெள்ளத்துக்கு. 2024 செப்டம்பர் நடுவில் போரிஸ் புயல் மழையில் ஆஸ்திரியப் பகுதியில் கப்பல் போக்குவரத்தே நின்னுது. 2013 ஜூனில் பாசாவில் தண்ணி 12.89 மீட்டர் ஏறிச்சு. தண்ணி ஏறினா மடைகளை (அணையைத் தாண்டக் கப்பலை ஏத்தி இறக்குற நீர்த்தொட்டி) மூடுவாங்க. மடை திறந்திருந்தாலும் பாலத்தடியில் கப்பல் நுழைய உயரம் இருக்காது. கப்பலோட மாலுமி அறையே ஹைட்ராலிக்கில் கீழே இறங்கும், மேல்தளக் கம்பி வேலியெல்லாம் மடங்கும், அப்படியும் பத்தாது.

அப்போ நடக்கிறது மூணில் ஒண்ணு. தடைக்கு அந்தப் பக்கம் அதே நிறுவனத்தோட இன்னொரு கப்பல் நின்னா, பஸ்ஸில் கொண்டுபோய் அதே எண் கேபினில் விடுவாங்க. பெட்டியை அவங்களே மாத்திடுவாங்க, இதுதான் நல்லபடி முடியிறது. இல்லாட்டி கப்பல் ஓட்டல் மாதிரி ஒரே இடத்தில் நிற்கும், தினம் பஸ். கடைசியா, ரத்து. ஒரே கப்பல் வைச்சிருக்கிற சின்ன நிறுவனத்துக்கு முதல் வழி கிடையாது. விலை குறைவா இருக்கேன்னு பார்க்கும்போது இதையும் பாருங்க.

கிளம்ப ஒரு வாரம் முன்னாடியிலிருந்து ஆஸ்திரியாவோட டோரிஸ், ஜெர்மனியோட எல்விஸ் இரண்டு இணையதளத்திலும் நீர்மட்டம் பார்க்கலாம், காசு கிடையாது.

அடுக்குமாடி

கேபினுக்கு நான் சொல்றேன்.

ஆற்றுக் கப்பல் ஏன் எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கு? மடையோட அகலம். மைன் ஆற்று மடைகளும், அதை டான்யூபோட இணைக்கிற கால்வாய் மடைகளும் 12 மீட்டர். அதனால கப்பல் அகலம் 11.45, நீளம் அதிகபட்சம் 135. நடுவில் நடைபாதை 1.20 விட்டா இரண்டு பக்கமும் ஐந்து மீட்டர் சொச்சம். மூணு மீட்டர் அகலத்தில் அறை போட்டா 15 சதுர மீட்டர், குளியலறையோட சேர்த்து. எவ்வளவு காசு கொட்டினாலும் அந்த ஐந்து மீட்டரை யாரும் நீட்ட முடியாது, பக்கத்து அறையைச் சேர்த்துத்தான் பெரிசாக்கலாம்.

மூணு தளம். அடித்தளத்தில் ஜன்னல் தண்ணி மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கும், திறக்காது. நாள் முழுக்க ஊரில் இருந்துட்டு ராத்திரி தூங்க மட்டும் வர்றவங்களுக்கு அது ஒண்ணும் மோசமில்லை, ஆளுக்கு சில நூறு யூரோ மிச்சம். ஆனா பல கப்பல்களில் லிஃப்ட் அடித்தளத்துக்கு இறங்காது, வெயில்தளத்துக்கும் (கூரை மேலே இருக்கிற திறந்த தளம்) ஏறாது. நடுத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் மட்டும்தான். முழங்காலுக்கு நடுத்தளம்தான் சரி. வரவேற்பு அறை, சாப்பாட்டு அறை இரண்டுக்கும் பெரும்பாலும் படியே இல்லாம, இல்லாட்டி அரை மாடிப் படியோட போய்ச் சேரலாம். "அரை மாடி" உண்டான்னு தள வரைபடத்தில் பாருங்க.

தவிர்க்க வேண்டியது: பின்கோடிக் கேபின், எஞ்சின். முன்கோடிக் கேபின், மடைக்குள் நுழையும்போது பக்கவாட்டு உந்தி உறுமும், ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரில் உரசுற சத்தம் வேற. வியன்னா வரைக்கும் பத்து மடைன்னு மேலே சொல்லியிருக்காரே, அதில் பாதி ராத்திரியில்தான் தாண்டுவாங்க.

"பிரெஞ்சு பால்கனி"ன்னு போட்டிருந்தா ஏமாறாதீங்க. அது கதவு திறந்தா கம்பி, நாற்காலி போட இடம் கிடையாது. ஆற்றில் எனக்கு அது போதும்னு தோணும். உட்கார்ந்து பார்க்க வெயில்தளம் இருக்கு.

கடல் கப்பலில் கதை வேற. அங்கே லிஃப்ட் எல்லாத் தளத்துக்கும் போகும், முழங்காலுக்கு அதுதான் வசதி. ஆனா நீளம் முந்நூறு மீட்டர். கேபின் முன்கோடியில், சாப்பாடு பின்கோடியில்னா ஒரு வேளைக்குப் போக வர அறுநூறு மீட்டர் நடை. நடுப்பகுதி, கீழ்த்தளங்களில் எடுங்க, ஆட்டமும் அங்கேதான் குறைவு. நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே வேண்டாம், விடியக்காலம் நாற்காலி இழுக்கிற சத்தம். "உத்தரவாதக் கேபின்"னு விலை குறைச்சுக் கொடுத்தா வகை மட்டும்தான் உறுதி, இடம் அவங்க இஷ்டம். உங்களுக்கு அது கூடாது.

கப்பலிலிருந்து சின்னப் படகில் இறங்கிக் கரைக்குப் போற துறைமுகம் இருக்கான்னும் பாருங்க. உங்க பட்டியலில் இல்லை. கிரேக்கத் தீவு சான்டோரினி இருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். படகிலிருந்து இறங்கினா கேபிள் காருக்கு வரிசை, இல்லாட்டி அறுநூறு படி.

ரயில்பைத்தியம்

எல்லாரும் கப்பலுக்குள்ளேயே நின்னு பேசுறீங்க. பாசாவிலிருந்து வியன்னா ரயிலில் இரண்டரை மணி நேர அளவு, வியன்னா – புடாபெஸ்ட் இரண்டே முக்காலுக்குள்ள. அறைக்கு 120 வீதம் 7 இரவு 840, ஆளுக்கு 420. ரயில் 100. சாப்பாடு நாளுக்கு 45 வீதம் 315. நுழைவுச் சீட்டு, ஒன்றிரண்டு வழிகாட்டி நடை 150. மொத்தம் 985. ஆற்றுக் கப்பலில் பாதி. வியன்னாவில் மூணு ராத்திரி இசைக் கச்சேரிக்குப் போகலாம். கப்பலில் போனா பத்தரைக்குக் கிளம்பிடும்.

ஆற்றுக் கப்பலில் ராத்திரி ஒன்பதுக்கு மேல ஒரு பியானோக்காரரும் தூங்கி வழியிற முப்பது பேரும்தான். கடல் கப்பலில் அரங்கமாவது இருக்கு.

கணக்குப்பிள்ளை

> மொத்தம் 985

கணக்கு சரி, தம்பி. ஆனா அதில் பெட்டியை யார் தூக்குறது என்கிற வரி இல்லை. நாலு தடவை பெட்டி கட்டணும், ஸ்டேஷன் படி, டிராம் படி. நாற்பது வயசுக்காரருக்கு உங்க வழியைத்தான் சொல்வேன். முழங்கால் தேய்ந்தவருக்கு அந்த ஆயிரம் யூரோ, கட்டில் நகராம ஊர் நகர்ந்து வர்றதுக்குக் கொடுக்கிற கூலி.

வாக்காவ் பற்றி ஒண்ணு சேர்த்துக்கிறேன். டான்யூபில் கண்ணுக்கு விருந்து அந்த 36 கி.மீ.தான். கீழ்நோக்கிப் போனா ஒன்றே முக்கால் மணி, எதிர்நீரில் ஏறினா மூணு மணி. சில அட்டவணையில் இரண்டு தடவையும் ராத்திரியில் தாண்டுவாங்க. பட்டியலில் "மெல்க் கிளம்புறது", "டியூர்ன்ஸ்டைன் சேர்றது" எத்தனை மணிக்குன்னு பாருங்க. பகலில் இல்லைன்னா அந்தக் கப்பலுக்கு நான் 1,900 கொடுக்க மாட்டேன்.

விசாவரிசை

இந்திய பாஸ்போர்ட் என்பதால் இதைத் தனியாப் பாருங்க.

ஆற்று வழி: ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, நாலும் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக் கூடிய ஐரோப்பிய நாடுகள்). ஒற்றை நுழைவு விசா போதும். இதே ஆற்றில் புடாபெஸ்டுக்குக் கீழே பெல்கிரேட் வரை போற பயணம்னா செர்பியா ஷெங்கன் இல்லை. வெளியே போய்த் திரும்ப நுழையிறீங்க, பல நுழைவு விசா வேணும்.

கடல் வழி: ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, எல்லாமே ஷெங்கன். இருந்தாலும் சில நிறுவனங்கள் ஏறும்போது பல நுழைவு விசா கேட்கும், அவங்க நிபந்தனையில் எழுதியிருந்தா அதுதான் செல்லும், வாதாடிப் பயனில்லை. கிழக்கு மத்தியதரைக் கடல்னா மோன்டெனெக்ரோ, துருக்கி வரும், அங்கே பல நுழைவு கட்டாயம். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்தாச்சு, பழைய வலைப்பதிவைப் படிச்சுக் குழம்பாதீங்க.

எந்தத் தூதரகம்? அதிக நாள் தங்குற நாடு. நாள் சமம்னா முதலில் நுழையிற நாடு. கப்பலில் இது சிக்கல், அதனால ஒவ்வொரு இரவும் கப்பல் எந்த ஊர்ல நிற்குதுன்னு நிறுவனத்தோட கடிதம் வாங்கி, முன்பின் ஓட்டல் இரவையும் சேர்த்து எண்ணுங்க. உங்க வழியில் ஆஸ்திரியாவா ஜெர்மனியா என்பது ஒரு ஓட்டல் இரவில் மாறலாம். 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. விசா கைக்கு வர்றதுக்கு முன்னாடி திரும்பக் கிடைக்காத முன்பணம் கட்டாதீங்க.

காப்பீட்டில் இரண்டு இடம் பாருங்க. ஒண்ணு, ஏற்கெனவே இருக்கிற நோய் (சர்க்கரை, ரத்த அழுத்தம்) எழுதிக் கொடுத்து ஒத்துக்கிட்டாங்களா. இரண்டு, கப்பல் பயணம் உள்ளடக்கமா. கடல் கப்பலில் டாக்டர் உண்டு, ஆனா பில்லை அப்பவே கேபின் கணக்கில் ஏத்திடுவாங்க, பின்னாடிதான் காப்பீட்டில் கேட்கணும். ஆற்றுக் கப்பலில் பொதுவா டாக்டரே கிடையாது. கரை பக்கத்திலேயே இருக்கு, ஆம்புலன்ஸ் கூப்பிடுவாங்க.

பணம் கட்டும்போது: இந்திய ஏஜெண்டிடம் பேக்கேஜா வாங்கினா ஜிஎஸ்டியோட டிசிஎஸ்ஸும் (விற்கிறவரே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி) பிடிப்பாங்க. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுது. டிசிஎஸ் செலவு இல்லை, வருமான வரியில் கழிச்சுக்கலாம். வருமான வரித் துறையோட உங்க வரிப் பிடிப்பு அறிக்கையில் ஏறியிருக்கான்னு மட்டும் பாருங்க. கப்பலில் கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலேயே கட்டலாமே"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, அந்த மாற்று விகிதம் எப்பவும் நமக்கு நஷ்டம்.

ரொறன்ரோ தம்பி

விசாக் கதை வந்தபடியால் ஒண்டு சொல்லுறன், இந்தியாவில இருந்து அம்மா அப்பாவைக் கூப்பிட்டு அலாஸ்கா கப்பலில ஏத்த நினைக்கிற ஆக்களுக்கு. சியாட்டிலில ஏறி சியாட்டிலிலயே இறங்கிற கப்பல்தானே, அமெரிக்க விசா காணும் எண்டு நினைக்கிறவை. காணாது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்குது, வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ள மட்டும் சுத்திப் பயணியளை ஏத்தி இறக்கேலாது. அதாலதான் கடைசி நாள் இரவு கனடாவில விக்டோரியாவில நாலைஞ்சு மணித்தியாலம் நிக்கும். அதுக்குக் கனடா விசாவும் வேணும், அமெரிக்க விசா திரும்ப நுழையக்கூடியதா இருக்கோணும். விக்டோரியாவில நாங்கள் இறங்க மாட்டம் எண்டு சொன்னாலும் ஏறுற இடத்திலயே மறிச்சுப் போடுவினம்.

மைலாப்பூர் மாமி

சாப்பாட்டைப் பத்தி யாரும் வாயைத் திறக்கலையே.

ஆற்றுக் கப்பலில் ஒரே சமையலறை, நூத்தித் தொண்ணூறு பேர். சைவம்னு புக்கிங்கிலேயே எழுதணும், கிளம்ப ஒரு மாசம் முன்னாடி ஒரு தடவை நினைவுபடுத்தணும். "வெஜிடேரியன்"னு மட்டும் எழுதினா மீன் சாஸ், கோழி வேகவைச்ச தண்ணீரில் சூப்புன்னு வரும். முட்டை சாப்பிடுவீங்களா, சீஸ் ஓகேயா, இறைச்சித் தண்ணி கூடாதுன்னு தனித்தனியா எழுதுங்கோ. பாஸ்தா, உருளைக்கிழங்கு, காளான், திரும்ப பாஸ்தா. ஏழு நாள் ஓடிடும்.

பெரிய கடல் கப்பலில் இந்தியச் சமையல்காரா நிறைய பேர் இருக்கா. சாப்பாட்டு அறைத் தலைவர்கிட்ட முந்தின ராத்திரியே சொல்லி வைச்சா மறுநாள் பருப்பு, சாதம், ஒரு கறி தனியாப் பண்ணிக் கொடுப்பா. அன்னிக்கே கேட்டா கிடைக்காது.

ரைஸ் குக்கர், கெட்டில், தண்ணி காய்ச்சுற கம்பி, இஸ்திரிப் பெட்டி எதையும் எடுத்துண்டு போகாதேள். ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைச்சுண்டு கடைசி நாள்தான் தருவா. பொடி வகையறா, தட்டை, முறுக்கு, காய்ஞ்ச தின்பண்டம் பொட்டலம் பிரிக்காம இருந்தா கப்பலில் பிரச்சினை இல்லை. ஊறுகாயில் எண்ணெய் கசியாம பார்த்துக்கோங்கோ.

அடுக்குமாடி

மாமி சொன்ன பட்டியலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் சேருங்க. மின்னழுத்தப் பாதுகாப்பு வைச்ச பெட்டின்னா கண்டிப்பா பிடுங்குவாங்க. கப்பல் மின்சாரத்தில் வீட்டில் மாதிரி ஒரு கம்பி தரையோட இணைஞ்சிருக்காது. இரண்டு கம்பியிலும் அழுத்தம் இருக்கும். வீட்டுக்குன்னு செஞ்ச பாதுகாப்புச் சில்லு அதில் சூடாகித் தீப்பிடிக்கும். வெறும் யுஎஸ்பி அடாப்டர் போதும். ஆற்றுக் கப்பலில் ஐரோப்பிய இரட்டை உருண்டைக் கம்பி சாக்கெட்.

கணக்குப்பிள்ளை

முன்பதிவு நிபந்தனையில் பார்க்க வேண்டியது, சுருக்கமா. மீதிப் பணம் பெரும்பாலும் கிளம்ப 90 நாள் முன்னாடி. அதுக்கு முன்னாடி விலை இறங்கினா ஏஜெண்டைக் கூப்பிட்டு "புது விலைக்கு மாத்துங்க"ன்னு கேட்கலாம், கேட்காம யாரும் மாத்த மாட்டாங்க. திரும்பக் கிடைக்காத முன்பணத்தில் எடுத்தா மாத்தும்போது ஆளுக்கு ஒரு கட்டணம் போகும். 90 நாளைத் தாண்டினா ரத்துக் கழிவு படிப்படியா ஏறும், கடைசி இரண்டு வாரத்தில் பெரும்பாலும் முழுத் தொகை.

கடல் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவற விட்டா அந்தத் துறைமுக வரி மட்டும் கேபின் கணக்கில் திரும்பும், டிக்கெட்டில் ஒரு சல்லி திரும்பாது. அட்டவணையை மாத்திக்கிற உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கு.

தனியாப் போறவங்களுக்கு, அவர் கேட்கலை ஆனா படிக்கிறவங்க இருப்பீங்க: கடல் கப்பலில் ஒருத்தர் இரண்டு பேர் டிக்கெட் கட்டுறதுதான் வழக்கம். ஆற்றில் மார்ச், நவம்பரில் அந்தக் கூடுதலை விட்டுக் கொடுக்கிற சலுகை வரும்.

மேல்தளம்

ஏஜெண்டைக் கேட்டாச்சு. டூர் நாலு உள்ளடக்கம், இரண்டு தனி. வாக்காவ் திரும்பும்போது பகல் பத்திலிருந்து ஒன்று வரை. வியன்னாவில் ரைக்ஸ்புரூக்க. அதே நிறுவனத்துக்கு டான்யூபில் இன்னும் மூணு கப்பல் ஓடுது. நடுத்தளத்தில் நடுக் கேபின் ஆளுக்கு 180 கூடுதல். ஆற்றையே எடுக்கிறோம். விமானம் மியூனிக்கா வியன்னாவா?

படித்துறை

மியூனிக். விமான நிலையத்திலிருந்து லான்ட்ஸ்ஹூட் போய் அங்கே மாறி பாசாவ், மொத்தம் இரண்டு மணி நேர அளவு. ரயில் லேட்டுக்கு ஜெர்மனி பேர் போனது, அதனால கப்பல் ஏறுற நாளில் வந்து இறங்காதீங்க. முந்தின நாளே பாசாவில் ஒரு ராத்திரி. அந்த ஓட்டல் இரவு ஜெர்மனிக் கணக்கில் வரும், விசா விண்ணப்பத்தில் சேர்த்து எண்ணுங்க.

இன்னொண்ணு. "பாசாவில் ஏறணும்"னு மட்டும் டிக்கெட்டில் இருந்தா விடாதீங்க, துறை எண்ணைக் கேளுங்க. நகரசபைக் கரைன்னா ஸ்டேஷனிலிருந்து பெட்டியை உருட்டிக்கிட்டே போயிடலாம், கல் பாவின தெருதான். ராக்லாவ், லின்டாவ்னு இரண்டு துறை ஊருக்கு வெளியே இருக்கு, அதுக்கு டாக்ஸி. புக்கிங்கில் துறை மாறலாம்னு போட்டிருப்பாங்க, கிளம்ப இரண்டு நாள் முன்னாடி கப்பல் வரவேற்பு எண்ணுக்கே போன் போட்டு உறுதி பண்ணிக்குங்க.